உமிக்கரி

இரவு ஒன்று முதல் ஐந்துவரை மின்சாரம் என்றார்கள்.
மூன்றேகாலுக்கு வந்தது,
நாலடிக்கப் போய்விட்டது.
தட்டோனில் இப்போது
சோறு, தண்ணீர், கைபேசி, சண்டை
எல்லாவற்றையும் அந்த முக்கால் மணிக்குள் முடிக்கத் தெரியும் எங்களுக்கு.

ஊ டின் மவுங் ஆலைக்குப் பின்னால் உமி மேடு.
மழைக்குக் கறுத்து ஓடையில் சரிகிறது.
"மூட்டை மூட்டையாக எடுத்துப் போ,
வேண்டுமானால் நானே கூலி தருகிறேன்" என்கிறார்.
அவருக்கு நான் மா கின் வே.
பதிவுச் சீட்டிலும் அதுதான்.
வீட்டில் வேதவல்லி.
எந்தப் பெயருக்கும் திரும்பிப் பார்ப்பேன்.

இரண்டாம் ஆண்டு வேதியியலோடு கல்லூரி மூடிக்கொண்டது.
மிச்சத்தை ஒரு தகர டப்பாவிடம் படிக்கிறேன்.
உமியைக் கருக்கி,
சோப்புக்காரர் விற்கும் காரத்தை
ஒன்றுக்கு மூன்றாகப் பிசைந்து,
மூடியைக் களிமண்ணால் பூசி,
குயவர் சூளையில்
பானைகளுக்கு நடுவே ஒரு ராத்திரி.

உள்ளே காரம் கரியைத் தின்னும்.
தின்ற இடமெல்லாம் துளை.
துளைக்குள் துளை, அதற்குள்ளும் ஒன்று.
ஒரு கரண்டிப் பொடியை விரித்தால்
ஏக்கர் கணக்கு வரும் என்கிறது புத்தகம்.
நெல் உதறிவிட்டுப் போனது
வயலை மடித்து உள்ளே வைத்திருக்கிறது.

உமி குத்தினால் கைதான் நோகும் என்பார்கள்.
நொந்தது, இல்லை என்று சொல்லவில்லை.

பெகுவில் ஸோ லின்னிடம் அளக்கும் கருவி இருக்கிறது.
ஓவல்டின் டப்பாவில் பொடியை அடைத்து பஸ் ஏறினேன்.

சித்தாங் பாலத்தில் நிறுத்தினார்கள்.
பையன்தான். தொப்பி காதுவரை இறங்கியிருந்தது.
டப்பாவைத் திறந்தான்.
"டா பாலே?"
கறுப்புப் பொடிக்கு இந்த நாட்டில் இப்போது ஒரே அர்த்தம்.
பஸ்ஸில் முப்பது பேரும்
ஒரே நொடியில் என்னை அறியாதவர்கள் ஆனார்கள்.

மின்தேக்கி என்று சொல்ல வாயெடுத்தேன்.
மின் என்றால் கம்பி.
கம்பி என்றால்
விழுங்கினேன்.

விரலை எச்சிலில் நனைத்துப் பொடியில் தொட்டுப்
பல்லில் தேய்த்தேன்.
மேல்வரிசை, கீழ்வரிசை, கடைவாய்.
"துவாத்தைக்சே" என்றேன், பல்பொடி.
கலா ஆட்கள் இதில்தான் பல் விளக்குவோம்.
எங்களைத் திட்டும் சொல்
அன்றைக்கு உதவியது.
கறுத்த பல்லோடு இளித்தேன்.

சிரித்துவிட்டான்.
இன்னொருவனைக் கூப்பிட்டுக் காட்டினான்.
போகிறபோது ஒரு சிட்டிகை கேட்டு
செய்தித்தாளில் மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.
எப்படி மறுப்பது?

பாலம் தாண்டுமுன்னே ஈறு எரிந்தது.
வாவ் வரும்போது நாக்கின் நுனி தோலுரிந்திருந்தது.
ஏழு தண்ணீர் அலசினேன் என்று
நோட்டில் எழுதியிருந்தேன்.
நாக்கு சொன்னது: போதாது, காரம் இன்னும் உள்ளே.

ஸோ லின் வீட்டுக் கொல்லையில் மறுபடி அலசினோம்.
எலுமிச்சை ஒரு தடவை, கிணற்றுநீர் எட்டு.
ஒவ்வொரு தடவையும் நாக்கை நீட்டினேன்.
லிட்மஸ் தாள் கடையில் இல்லாமல் ஆறு மாதம்.
சோற்றுக் கஞ்சியில் குழைத்து,
தீர்ந்த பேட்டரியிலிருந்து உருவிய கரிக்கோலில் பூசி,
உப்புநீரில் இறக்கி,
மூன்று செல்லை ஒன்றன்பின் ஒன்றாய்க் கோத்து,
சூரியப் பலகையில் கொஞ்சம் ஊட்டினோம்.

சிவப்பு விளக்கு. மிளகு அளவு.
ஸோ லின் மணி பார்த்தார்.
நாங்கள் பேசவில்லை.
அணைந்தபோது பதினொரு நிமிடம்.

நோட்டில் எழுதினேன்:
உமி, டின் மவுங் ஆலை. அலசல், ஏழும் ஒன்பதும் பதினாறு.
ஒளி, பதினொன்று.
அதற்குக் கீழே எழுத ஒன்று இருந்தது,
எந்தக் கட்டத்தில் என்று தெரியவில்லை:
அவன் ஈறு.

ஊருக்குத் திரும்பும்போது
காரம் படாத வெறும் உமிக்கரி
ஒரு டப்பா வாங்கிப் போனேன்.

பாலத்தில் வேறு பையன்.
தொப்பி அவனுக்குச் சரியாக இருந்தது.
டப்பாவைத் திறக்கச் சொன்னான்.